பூவில் ஜெல்லி போட்டவர்கள் சொல்லுங்கள்

ரோஜா, சங்குப்பூ, செம்பருத்தி. என் தோட்டத்தில் பூப்பதும் இவைதான், நான் ஜெல்லி போடுவதும் பெரும்பாலும் இவற்றில்தான். இனிமேல் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பூவை நம்பி ஜெல்லி உறையாது.

பழ ஜெல்லி போட்டுப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் திணறுவார்கள். புளிப்பு ஆப்பிளில் ஜெல்லியை உறையவைக்கும் பெக்டினும் உண்டு, புளிப்பும் உண்டு. சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் அதுபாட்டுக்கு இறுகிவிடும். பூவிதழில் ஜெல்லிக்குப் போதுமான அளவு இரண்டும் கிடையாது. இதழை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் கிடைப்பது கொஞ்சம் வாசனையும் நிறமும் உள்ள தண்ணீர், அவ்வளவுதான். பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றையும் நாம்தான் போட வேண்டும். இதற்கு விலக்கு ரோசெல் எனப்படும் புளிச்சை. அதிலும் நாம் எடுப்பது இதழை இல்லை, பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றித் தடிக்கும் சிவப்புப் புல்லியை. அதில் புளிப்பும் பெக்டினும் சேர்ந்தே இருக்கின்றன.

ரோஜாவுக்கு வருவோம். பனி உலர்ந்ததும், வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும். இதழின் அடியில் வெள்ளையாக ஒரு முனை இருக்கும், அது கசக்கும். ஒவ்வொரு இதழாகக் கிள்ள வேண்டியதில்லை. பூவை மொத்தமாகப் பிடித்து இதழ்களைக் கொத்தாக உருவி, அடியைக் கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. நான் எடுக்கும் அளவு, அழுத்தி அளந்த இரண்டு கப் இதழுக்கு நாலு கப் கொதிநீர். ஊற்றி மூடிவிட வேண்டும், திறந்து வைத்தால் வாசனை ஆவியோடு போய்விடும். ராத்திரி ஊறினால் நல்லது. காலையில் மூடியைத் திறக்கும்போது இதழெல்லாம் சாயம் போன துணியாகக் கிடக்கும். தண்ணீரும் அழுக்குப் பழுப்பில் இருக்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் கீழே கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதீர்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, பிழியாமல் விட்டு (பிழிந்தால் ஜெல்லி கலங்கும்), எலுமிச்சைச் சாறு விடுங்கள். சாறு விழுந்த இடத்திலிருந்து சிவப்பு சுருள் சுருளாகக் கிளம்பிப் பாத்திரம் முழுக்கப் பரவும். எத்தனை தடவை போட்டாலும் நான் அடுப்பைப் பற்றவைக்காமல் இதை நின்று பார்ப்பேன்.

காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பில் சிவக்கும், காரத்தில் (மிளகாய்க் காரம் இல்லை, சமையல் சோடா மாதிரி அமிலத்துக்கு எதிரானது) நீலம், பச்சை என்று போகும். ராபர்ட் பாயில் 1664இல் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில் வயலட் பூவின் சிரப்பை வைத்தே அமிலம் எது, காரம் எது என்று காட்டினார். நம் அடுப்படியில் நடப்பதும் அதே சோதனைதான்.

எலுமிச்சை நிறத்துக்கு மட்டும் இல்லை. பூத்தண்ணீரில் புளிப்பே கிடையாது. பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் 4.6க்கு மேலே இருக்கும் எதையும் ஜாடியில் அடைத்து வெளியே வைப்பது ஆபத்து, உணவில் கொடிய விஷத்தை உண்டாக்கும் போட்டுலினம் கிருமிக்கு இடம் கொடுத்த மாதிரி. பெக்டின் நன்றாகப் பிடிப்பதும் பிஎச் 3ஐ ஒட்டிய புளிப்பில்தான். அதனால் குறிப்பில் இரண்டு மேசைக்கரண்டி என்று இருந்தால் இரண்டு போடுங்கள், "எனக்குப் புளிப்பு பிடிக்காது" என்று அதில் கை வைக்காதீர்கள். சர்க்கரையும் அப்படித்தான். சாதாரண பெக்டின் இறுகுவதற்குக் கலவையில் 60 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை வேண்டும். பாதியாகக் குறைத்தால் சிரப்தான் மிஞ்சும். சர்க்கரை குறைவாக வேண்டும் என்றால் அதற்கென்றே வேறு வகை பெக்டின் இருக்கிறது. அது சர்க்கரையைப் பார்க்காது, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உறையும்.

பொடி பெக்டின் என்றால் சர்க்கரைக்கு முன்னால் போட்டுக் கொதிக்க விட வேண்டும், திரவ பெக்டின் என்றால் சர்க்கரை கொதித்த பிறகு. இந்த வரிசை மாறினால் காரியம் கெடும். பொடிக்குச் சொல்கிறேன்: பூத்தண்ணீர், எலுமிச்சை, பெக்டின் நன்கு கொதித்ததும் சர்க்கரையை ஒரே தடவையாகக் கொட்டி, கரண்டி போட்டுக் கிளறினாலும் அடங்காத கொதி வந்த பிறகு சரியாக ஒரு நிமிடம். இறக்கி, நுரை எடுத்து, சுடச்சுட ஜாடியில். மேலே கால் அங்குலம் இடம் விட்டு மூடி, வெந்நீரில் முழுக வைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். மலைப்பகுதியில் இருப்பவர்கள் இன்னும் சில நிமிடம் கூட்ட வேண்டும்.

மணமில்லாத ரோஜாவில் போட்டு "வாசனையே வரவில்லை" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பூவில் இல்லாதது ஜெல்லிக்கு எங்கிருந்து வரும்?

* * *

மேலே எழுதிய அக்கா சொன்னது ஜாடியில் அடைக்கும் ஜெல்லி. நான் போடுவது தட்டில் ஊற்றித் துண்டு போடுகிற ஜெல்லி, கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரில். இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். பெக்டின் ஜெல்லியை ரொட்டியில் தடவலாம். அகர் ஜெல்லி கத்தியில் சுத்தமாக வெட்டுப்படும், தடவ வராது. சர்க்கரை இவ்வளவு போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை என்பதால் என் பெற்றோருக்குச் செய்ய இதுவே வசதி. ஆனால் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாலு நாளில் முடித்துவிட வேண்டும். சர்க்கரை குறைவு என்றால் காப்பதற்கும் ஆள் இல்லை.

சங்குப்பூவில் செய்தால் பார்க்க அழகு. காம்போடு இருக்கும் பச்சைப் பகுதியைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் கரு நீலம் இறங்கிவிடும். அதைப் பாதியாகப் பிரித்து ஒன்றில் எலுமிச்சை விட்டால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. ஒரே பூவில் இரண்டு அடுக்கு. ருசி என்று பார்த்தால் சங்குப்பூவுக்கு ஒன்றும் பெரிதாகக் கிடையாது, உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா. இஞ்சியோ ஏலமோ துணைக்குப் போட்டால்தான் வாயில் ஏதாவது தெரியும்.

அகரில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, எலுமிச்சையோடு சேர்த்துக் கொதிக்க விடக்கூடாது, புளிப்பும் சூடும் சேர்ந்தால் அகர் பலம் இழந்து கொழகொழவென்று ஆகும். தனியாகத் தண்ணீரில் முழுக்கக் கரையும்வரை காய்ச்சி, இறக்கிய பிறகு எலுமிச்சை. இரண்டாவது, அது 40 டிகிரியை நெருங்கும்போதே உறைந்துவிடும், மறுபடி இளக 85 டிகிரி வேண்டும். அதனால் இரண்டாவது அடுக்கை ஊற்றும்போது கீழ் அடுக்கு லேசாகக் கையில் ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். முழுக்க இறுகிவிட்டால் மேல் அடுக்கு தனியாகக் கழன்று வரும். முழுப் பூவை உள்ளே நிறுத்த ஆசைப்படுகிறவர்களும் இதே மாதிரி, கொஞ்சம் ஊற்றி, பூவைத் தலைகீழாக வைத்து, அது பிடித்துக்கொண்டதும் மீதியை ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் பூ மிதந்துவிடும்.

* * *

டான்டிலியன் என்ற மஞ்சள் காட்டுப்பூவில் யாராவது போட்டிருக்கிறீர்களா? மஞ்சள் இதழ் மட்டும் வேண்டும், அடியில் இருக்கும் பச்சை கொஞ்சம் கலந்தாலும் கசப்பு ஏறிவிடும். குழந்தைகளை உட்கார வைத்து உரிக்கச் சொன்னேன், கால் கப் சேர்வதற்குள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். விரலெல்லாம் மஞ்சள், நகக்கண்ணில் பழுப்பு. ஆனால் ஜெல்லி தேன் மாதிரி வருகிறது, நிறமும் சரி, ருசியும் சரி. ஒருதரம் செய்யலாம். வருடா வருடம் செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

லாவெண்டர் வேண்டாம் என்பது என் கட்சி. பத்து நிமிடம் கூடுதலாக ஊறினாலே வாயில் குளியல் சோப்பு. ரொம்பக் கொஞ்சமாகப் போட்டு, ஆப்பிள் சாற்றோடு சேர்த்தால் சகிக்கலாம்.

* * *

எல்லோரும் ருசியைப் பேசுகிறீர்கள், நான் பயந்த கதையைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெண், நான் ரோஜா இதழ் உருவுவதைப் பார்த்துவிட்டு உதவி செய்கிறேன் என்று தோட்டத்துக்குப் போய் ஒரு கூடை நிறையப் பறித்துக்கொண்டு வந்தாள். மேலே ரோஜா. அதற்கு அடியில் இளஞ்சிவப்பு அரளி. உதிரிதழாக இருந்தால் எனக்கே தெரிந்திருக்காது, நல்லவேளை கொத்தாகப் பறித்திருந்தாள். கூடையோடு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன், ரோஜாவையும் சேர்த்து. அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அரளியின் விஷம் இதயத்தைத் தாக்குவது, காய்ச்சினாலும் போகாது. சர்க்கரையில் போட்டு ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அரளி, பொன்னரளி, ஊமத்தை, செங்காந்தள், ஃபாக்ஸ்குளோவ், ஹைட்ரேஞ்சியா இவையெல்லாம் அழகுக்குத் தோட்டத்தில் இருப்பவை, சமையலறைக்குள் வரக்கூடாதவை. பெயரை நம்பியும் இறங்காதீர்கள். மஞ்சளாகக் கொடியில் பூக்கும் கரோலினா ஜெசமின் பெயரில்தான் மல்லிகைக்கு உறவு, ஆள் விஷம். ஸ்வீட் பீயும் அப்படி, சாப்பிடும் பட்டாணிப் பூ வேறு, அது வேறு.

பூக்கடைப் பூவும் பூங்கொத்தும் கூடவே கூடாது. அவை சாப்பிடுவதற்காக வளர்க்கப்பட்டவை இல்லை, அடித்த மருந்து என்ன என்று விற்பவருக்கும் தெரியாது. சில பூச்சிமருந்து வேர் வழியாகச் செடிக்குள்ளேயே ஏறி நிற்கும், கழுவினாலும் போகாது. நாற்றுப்பண்ணையிலிருந்து புதிதாக வாங்கி வந்த செடிக்கும் இதே கதைதான், உடனே பறித்துவிடாதீர்கள். மகரந்த ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருப்பவர்களுக்கு முதல் தடவை கொடுக்கும்போது அரைத் தேக்கரண்டி கொடுத்துப் பாருங்கள்.

* * *

முதல் பதிவு எழுதிய நான்தான். உறையவில்லை என்று கேட்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் ஒன்றாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் பொறுங்கள். மறுநாள் காலையில் தளதளவென்று ஆடினால் தோல்வி என்று அர்த்தம் இல்லை, 24 முதல் 48 மணி நேரம் எடுத்துக்கொள்வது சகஜம். அதற்குள் ஜாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் கூடிவரும் ஜெல்லியும் உடைந்துவிடும்.

இரட்டிப்பு அளவு போட்டீர்களா? அங்கேதான் பலருக்குக் கவிழ்கிறது. பாத்திரம் பெரிதானால் கொதி வர நேரம் ஆகும், அவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தால் பெக்டின் சிதைந்துவிடும். நிறையப் பூ இருந்தால் இரண்டு ஈடாகப் போடுங்கள்.

பெக்டின் பாக்கெட் வேண்டாம், ஆப்பிள் தோலும் விதைக்கூடும் வேகவைத்து வடித்த சாற்றில் போடுகிறேன் என்பவர்களுக்கு நிமிடக் கணக்கு உதவாது, பதம்தான் பார்க்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 104, 105 டிகிரி. அது கடல்மட்டக் கணக்கு, 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். வெப்பமானி இல்லையென்றால் உறைபெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுங்கள். மேல்தோல் சுருங்கினால் பதம். பாகு பதம் பார்க்கத் தெரிந்த கைக்கு இது கஷ்டமே இல்லை. அந்த ஆப்பிள் சாற்றில் பெக்டின் போதுமா என்று முன்கூட்டியே பார்க்கவும் வழி உண்டு: காயத்துக்குத் தடவும் ரப்பிங் ஆல்கஹால் மூன்று தேக்கரண்டியில் சாறு ஒரு தேக்கரண்டி விட்டு மெதுவாகச் சுழற்றினால், தூக்கி எடுக்கும்படி ஒரே கட்டியாகத் திரளும். துண்டு துண்டாகத் திரிந்தால் சாற்றை இன்னும் வற்ற வைக்கணும். சோதித்ததை வாயில் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

அப்புறம் ஜன்னல் ஓரத்தில் அடுக்கி வைக்காதீர்கள். வெளிச்சத்திலும் சூட்டிலும் ஆந்தோசயனின் நிற்காது, சிவப்பு மெல்லப் பழுப்பாகும். சாப்பிடலாம், கெட்டுப்போகவில்லை. ஆனால் யாருக்காவது பரிசாகக் கொடுக்க நினைத்தால் இருட்டு அலமாரியில் வைத்து, சீக்கிரமே கொடுத்துவிடுங்கள்.

உறையாமலே போன ஜாடிகளைக் கொட்ட வேண்டாம். மேலே லேபிளில் "ரோஜா சிரப்" என்று எழுதுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.