சொல்லாமல் நின்றுவிட்ட தொழிலாளி: உங்கள் நிறுவனத்தில் என்ன நடந்தது?

கோவை, பம்ப் உதிரிபாக யூனிட், பணியாளர் பிரிவு:

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பத்து நாள் பார்ப்பார்கள், போன் அடிப்பார்கள், சுவிட்ச் ஆஃப். அடுத்த மாத மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேடு) அவர் பெயர் இருக்காது. நம் பக்கம் இது வருஷா வருஷம் நடக்கிறது. "அவரே நின்னுக்கிட்டார்" என்போமே தவிர, வேலைநீக்கம் என்று யாரும் நினைப்பதில்லை. சட்டம் அதை வேலைநீக்கமாகத்தான் பார்க்கும்.

நான் முன்பு இருந்த கம்பெனியில் ஒரு டர்னர் இப்படித்தான் நின்றார். ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து லேபர் ஆபீஸ் நோட்டீஸ் வந்தது. "வேலைக்கு வந்த என்னை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்" என்று தொழில் தகராறுச் சட்டம் 2-ஏ பிரிவில் (வேலைநீக்கத்தை எதிர்த்து தொழிலாளி தனியாகவே போகும் வழி) மனு. அவர் வரவே இல்லை என்றது நிர்வாகம். "வரவில்லை என்றால், வரச் சொல்லிக் கடிதம் போட்டீர்களா?" என்று சமரச அதிகாரி கேட்டார். ஒரு கடிதம்கூடப் போட்டிருக்கவில்லை.

1993-ல் உச்ச நீதிமன்றம் டி.கே.யாதவ் வழக்கில் சொன்னதை அப்போதுதான் எங்கள் வக்கீல் எடுத்துக் காட்டினார். யாதவ் வேலை பார்த்த கம்பெனியின் நிலையாணையிலேயே, அதாவது வேலை விதிகளிலேயே, எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்று எழுதியிருந்தது. அப்படியிருந்தும் விளக்கம் கேட்காமல், விசாரணை வைக்காமல் பெயரை எடுத்தது செல்லாது என்று சொல்லி, வேலையையும் பாதிச் சம்பளப் பாக்கியையும் கொடுக்கச் சொன்னார்கள். நிலையாணை இருந்தவர்களுக்கே அந்த கதி என்றால், ஒரு காகிதமும் இல்லாத எங்களுக்கு? பணம் கொடுத்து 18(1) ஒப்பந்தம் (இரு தரப்பும் தங்களுக்குள் பேசி எழுதிக்கொள்வது) போட்டு முடித்தார்கள்.

உங்கள் இடங்களில் எப்படி என்று எழுதுங்கள்.

திருப்பூர், ஏற்றுமதி ஆடை யூனிட், மேலாளர்:

எங்களுக்கு இது தினசரிப் பாடு சார். பவர் டேபிளில் (தையல் மெஷின் வரிசை) பாதிப் பேர் வெளிமாநிலத்தார். வேலைக்குச் சேரும்போது கொடுக்கும் முகவரி, இங்கே தங்கியிருக்கும் ரூம் முகவரி. ஆள் ஊருக்குப் போய்விட்டால் அந்த முகவரிக்குக் கடிதம் அனுப்பி என்ன பயன்? அதனால் சேரும் அன்றே சொந்த ஊர் முகவரியும் வீட்டில் ஒருவரின் போன் நம்பரும் வாங்கிவிடுகிறோம்.

கடிதம் நாலு வரிதான். "தாங்கள் இன்ன தேதி முதல் அனுமதியின்றி வேலைக்கு வரவில்லை. இக்கடிதம் கண்ட 7 நாட்களுக்குள் வேலைக்கு வரவும், அல்லது காரணத்தை எழுதித் தெரிவிக்கவும்." தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. "வராவிட்டால் தாங்களே விலகியதாகக் கருதப்படும்" என்று சேர்க்கவே மாட்டோம். அந்த ஒரு வரி பின்னால் நமக்கே எதிராக நிற்கும். ஸ்பீட் போஸ்ட், அதோடு வாட்ஸ்அப்பில் போட்டோ. திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வைக்க வேண்டும்.

ஒடிசாக்காரர் ஒரு டெய்லர் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து நின்றார். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, வழியில் போனும் தொலைந்திருக்கிறது. எப்படியும் வேலை போயிருக்கும் என்று பேசாமல் இருந்திருக்கிறார். கடிதம் போகாவிட்டால் நல்ல கைகாரரை இழந்திருப்போம். சட்டத்துக்காக மட்டும் கடிதம் போடுவதாக நான் நினைக்கவில்லை. ஆளைக் கூப்பிடத்தான் போடுகிறோம்.

மதுரை, ஜவுளிக்கடை, கணக்குப் பிரிவு:

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் வேறு மாதிரி. ஸ்டாக் குறைந்தது என்று ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்டு, அறையில் உட்காரவைத்து ராஜினாமா எழுதி வாங்கினார்கள். கடிதம் முழுக்க மேனேஜர் கைப்பட எழுதியது, கீழே கையொப்பம் மட்டும் அந்தப் பிள்ளையுடையது. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில், 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் அதன் 41(2) பிரிவில் மேல்முறையீடு போகலாம், அந்தப் பெண் போனார். கடிதத்தைப் பார்த்ததுமே அதிகாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. திருட்டு நடந்ததா இல்லையா என்று கடைசிவரை யாரும் விசாரிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அவள் மேல் விழுந்த பெயர் அப்படியே இருக்கிறது.

கோவை, பவுண்டரி, பணியாளர் அதிகாரி:

கடிதத்துக்கு அப்புறம் உள்விசாரணை. அதையும் ஒப்புக்குச் செய்தால் வீண்தான். புகார் கொடுத்த சூப்பர்வைசரையே விசாரணை அதிகாரியாகப் போட்ட இடத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே கேஸ் செத்துவிட்டது. நாங்கள் வெளி வக்கீலை வைக்கிறோம். நடவடிக்கை தமிழில் எழுதப்படும், பக்கத்துக்குப் பக்கம் தொழிலாளி கையெழுத்து, ஒரு நகல் அன்றே அவர் கையில். துணைக்கு உடன் வேலை செய்பவரை அழைத்துவர விடுவோம். நம் சாட்சியை அவர் குறுக்கு விசாரணை செய்யலாம். அவர் வரவில்லை என்றால் இன்னொரு தேதி கொடுத்து, அதையும் தபாலில் சொல்லிவிட்டுத்தான் மேலே போவோம்.

சஸ்பெண்ட் செய்திருந்தால் இழுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1981-ன் பிழைப்பூதியச் சட்டப்படி (சஸ்பெண்ட் காலத்தில் கொடுக்கும் தொகை) முதல் 90 நாள் 50 சதவீதம், 180 நாள் வரை 75, அதற்கு மேல் முழுச் சம்பளம். ஒரு முறை எங்கள் வக்கீல் வாய்தா வாங்கி வாங்கியே ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டார்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் பிரிவு எண்கள் பல மாறிவிட்டன. ஆனால் ஒருவரைக் கேட்காமல் அவர் வேலையைப் பறிக்கக் கூடாது என்பது மாறவில்லை.

ஈரோடு, கணக்காளர், பல யூனிட்டுகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பார்ப்பவர்:

இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, சொல்லாமல் நின்றவருக்கு கிராஜுவிட்டி கிடையாது என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். தவறு. 5 வருஷ சர்வீஸ் இருந்தால் கொடுத்தாக வேண்டும். இன்னொன்று, வேலையிலிருந்து நீக்கினாலும் அவரே ராஜினாமா செய்தாலும், சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று புதிய ஊதியத் தொகுப்பு சொல்கிறது. "மாசக் கடைசியில் வாங்கிக்கோ" என்பது இனி செல்லாது.

திருப்பூர் மேலாளர்:

சார், பி.எஃப். போர்ட்டலில் விலகிய தேதியை எப்போது போடுவது? எங்கள் ஆபீஸ் பையன் ஆள் வராத மாதமே போட்டுவிடுகிறான்.

ஈரோடு கணக்காளர்:

அதை உடனே நிறுத்துங்கள். விசாரணைக்கு முன்பே விலகிய தேதி ஏறியிருந்தால், நீங்கள் அன்றைக்கே நீக்கிவிட்டீர்கள் என்பதற்கு அதையே எடுத்துக் காட்டுவார்கள். இறுதி உத்தரவு தபாலில் போன பிறகு போடுங்கள். அதுவரை பி.எஃப்.புக்கு மாதாமாதம் போடும் இ.சி.ஆர். கணக்கில் அவர் பெயரை வைத்து, வராத நாட்களை என்.சி.பி. (பி.எஃப். கட்டாத) நாட்களாகக் காட்டினால் போதும். இ.எஸ்.ஐ.யிலும் அதே மாதிரி, பூஜ்ய நாள் போட்டுக் காரணத்தைத் தேர்ந்தெடுங்கள்.