மறு: 'காலொத்த' – நுண்செயலி மாற்றத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பழைய கணினியின் நுண்செயலியை (processor) மாற்றுவது பற்றிய சொற்களில், 'காலொத்த' (pin-compatible) என்பதை ஏன் முன்மொழிகிறேன் என்று, வந்த கேள்விகளுக்குப் பதிலாக எழுதுகிறேன்.

> 'செயலி மேம்படுத்தல்' என்றே எழுதலாமே, எல்லாருக்கும் புரியுமே?

புரியாது ஐயா. செயலி என்றதும் இன்று கைப்பேசியில் நிறுவுவதுதான் நினைவுக்கு வருகிறது. செய்தித்தாள்கள் அந்தப் பொருளை நிலைநாட்டிவிட்டன, இனி மீட்க முடியாது. வன்பொருளுக்கு 'நுண்செயலி' என்று முழுதாகவே எழுதுவோம்.

சிக்கல் அடுத்த சொல்லில் இருக்கிறது. பழைய வீட்டுக் கணினியில் 68020, 68030 போன்ற வேகமான நுண்செயலிகளைத் தனி அட்டையில் ஏற்றி இணைப்பது ஒரு வழி. அதற்கு 'முடுக்கி அட்டை' போதும். பழைய சில்லைக் கழற்றிவிட்டு, அதே பொருத்தியில் (socket) வேறொன்றை அப்படியே செருகுகிறோமே, அந்தச் சில்லுக்குத்தான் பெயர் இல்லை. 'பொருந்து நுண்செயலி' என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை.

என் பழைய அமிகா 500 கணினியில் 68000 நுண்செயலியை எடுத்துவிட்டு 68010 போட்டேன். இரண்டுக்கும் 64 கால் (pin). தட்டைத் திருப்புளியை ஒரு முனையில் கொடுத்து நெம்பியதில், கழற்றிய சில்லின் மறுமுனைக் கால்கள் வளைந்துவிட்டன. இரு முனையிலும் மாறி மாறி, மயிரிழை அளவாகத் தூக்கியிருக்க வேண்டும். புதியதன் அரைவட்டப் பள்ளத்தைப் பழையது இருந்த திசையிலேயே வைத்து அழுத்தினேன். கணினி எழுந்தது. ஆனால் சில பழைய விளையாட்டுகள் பாதியில் நின்றன. நிலைப் பதிவகத்தை (status register) படிக்கும் ஆணையை 68000-இல் எந்த நிரலும் இயக்கலாம், 68010-இல் அது இயக்குதளம் ஓடும் மேற்பார்வை நிலைக்கு (supervisor mode) மட்டுமே உரியது. கால் பொருந்தியது, குணம் முழுதாகப் பொருந்தவில்லை.

'பொருந்து' என்ற சொல் இந்த இடத்தில் படிப்பவரை ஏமாற்றிவிடும். 'காலொத்த நுண்செயலி' என்றால் கால் ஒத்திருக்கிறது என்பதோடு நிற்கும். உண்மையும் அவ்வளவுதான்.

> கால் என்றால் கால்பங்கு என்று மயங்காதா?

பழுதுபார்க்கும் மேசையில் 'மூணாம் கால்ல வோல்டேஜ் வருதா பாரு' என்றுதான் பேசுகிறோம். யாரும் மயங்கியதில்லை. 'முனை' என்றால்தான் மின்முனையோடு குழம்பும். புணர்ச்சியும் இயல்பாக இருக்கிறது: கால் + ஒத்த, காலொத்த.

இதற்கு இணையாக 'ஆணையொத்த' என்பதையும் சேர்க்கலாம். 65816 என்ற நுண்செயலியைப் பாருங்கள். அதற்கு முந்தைய 6502-இன் ஆணைகளை இயக்கும், ஆனால் சில கால்களுக்கு வேறு வேலை, அந்தப் பொருத்தியில் நேரே செருக முடியாது. அதே வடிவமைப்பில் வந்த 65802-க்குக் காலும் ஒத்தது, ஆணையும் ஒத்தது. இரண்டு சொல்லும் கையில் இருந்தால் இந்த வேறுபாட்டை ஒரே வரியில் எழுதிவிடலாம்.

ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். 6502-இன் கையேட்டில் இல்லாத ஆணைகளைப் பயன்படுத்திய நிரல்கள் உண்டு, அவை 65802-இல் ஓடாது. ஆகவே 'ஆணையொத்த' என்பதன் வரையறையில் 'கையேட்டில் உள்ள ஆணைகள் அளவில்' என்ற தொடர் இடம்பெற வேண்டுகிறேன்.