120 மி.மீ. உருவத்தில் வெப்பிங் பட்டை சட்டைமேல் மிதக்குது, பசை வெள்ளையா பூக்குது

மண்டபம்கரை:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் இருந்த 4வது இந்திய டிவிஷன் ஹவில்தார் ஒருவரை 1:16 அளவில் மாடல் உருவமா செய்துட்டிருக்கேன். அடி உருவம் கடையில் வாங்கிய பிரிட்டிஷ் சிப்பாய். அதில் வார்த்திருந்த பட்டை, பைகளையெல்லாம் சீவி எடுத்தாச்சு. காக்கி ட்ரில் சட்டை எபாக்ஸி புட்டியில் (ரெண்டு பகுதியைப் பிசைஞ்சா இறுகும் களிமண் மாதிரி), 1937 பேட்டர்ன் வெப்பிங் (சிப்பாயின் பெல்ட், தோள்பட்டை, பைகள் சேர்ந்த செட்) தனியா. பட்டை தோளில் பதியாம சட்டைக்கு மேலே மிதக்குது. சூப்பர் குளூ வச்ச இடத்தைச் சுத்தி வெள்ளையா பூக்குது. மடிப்பு போட்டு முடிக்கிறதுக்குள்ள புட்டி இறுகிடுது. பக்கிள், பட்டன் எதில் செய்யுறது? பட்டை வெட்ட ஈயத் தகடு நம்ம பக்கம் கிடைக்குமா?

கீழக்கரை காக்கா:
தம்பி, மிதக்குறதை முதல்ல பார்ப்போம், அதுதான் உருவத்தையே கெடுக்குற விஷயம். தண்ணீர் பாட்டில், தோட்டா எல்லாம் தொங்குற பட்டை துணியை அமுக்கும். அமுங்கின பள்ளத்தோட ரெண்டு ஓரத்திலும் துணி லேசா புடைக்கும். இறுகின சட்டைமேல எவ்வளவு மெல்லிசா பட்டை ஒட்டினாலும் அந்தப் புடைப்பு வராது. அதனால பள்ளத்தை சட்டை பச்சையா இருக்கும்போதே போட்டுடணும்.

உடம்பை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்ச்சு, கை படாம துடைச்சுட்டு, புட்டியை அரை மி.மீ. கனத்துக்குப் பரப்புங்க. மடிப்பு போட்டதும், பட்டை அகலத்துக்கு வெட்டின பிளாஸ்டிக் துண்டை டால்கம் பவுடரில் தொட்டு, தோளிலிருந்து இடுப்பு வரை பட்டை போகும் வழியில் மெதுவா அமுக்கி எடுங்க. பள்ளத்துக்கு கால் மி.மீ. ஆழம் போதும். ஓரத்தில் ஒதுங்குற புட்டியைத் தட்டையாக்கிடாதீங்க, நமக்கு வேணும்கிறதே அதுதான். பட்டைக்குக் குறுக்கே போகும் மடிப்பெல்லாம் பள்ளத்தில் நின்னு, மறுபக்கம் திரும்பத் தொடங்கணும். ஒரு ராத்திரி காயட்டும், உண்மையான பட்டையை மறுநாள் வைங்க.

அளவு: பெல்ட் அசலில் 57 மி.மீ., உங்க அளவில் 3.6. தோள்பட்டை அசலில் 1 அங்குலம், தோள்மேல் மட்டும் 2 அங்குலமா விரியும், அதாவது 1.6, தோளில் 3.2. இந்த விரிவை விட்டுட்டு நேர் பட்டையா வெட்டிடறாங்க. தெரிஞ்சவங்க கண்ணுக்கு முதல்ல உறுத்துறது அதுதான்.

மடிப்பு விஷயத்தில் ஒண்ணு. ட்ரில் பருத்தித் துணி, கம்பளி மாதிரி உருண்டு மடியாது. மடிப்பு முனை கூர்மையா, நடுவில் தட்டையா இருக்கணும். அக்குளிலிருந்து விசிறி மாதிரி பிரியுற மடிப்பையும், முழங்கை உள்பக்கத்தையும் ஒழுங்கா போட்டாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சது.

தொண்டி தூரிகை:
புட்டி சீக்கிரம் இறுகுறதுக்கு வெயில்தான் காரணம். எபாக்ஸி சூடு ஏற ஏற வேகமா இறுகும். 25 டிகிரிக்குச் சொன்ன நேரம் நம்ம மே மாசத்துக்குப் பொருந்தாது. பட்டாணி அளவுக்கு மேல ஒரே தடவையில் பிசையாதீங்க. முன்பக்கம், முதுகு, ஒவ்வொரு கைன்னு தனித்தனியா போடுங்க. பிசைஞ்சதில் மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வச்சா கொஞ்ச நேரம் தாங்கும். எம்-சீல் புட்டி, வெப்பிங் பைகளின் உள்ளுருவத்துக்கும் அடித்தளத்துக்கும் போதும். சட்டைக்கு மில்லிபுட், மேஜிக் ஸ்கல்ப் மாதிரி நைஸ் புட்டிதான்.

மில்லிபுட்டை தண்ணீர் தொட்டு வழவழப்பாக்குவோம். வீட்டில் வர்றது உப்புத் தண்ணீர்னா அது வேண்டாம், காய்ஞ்சதும் உப்புப் படிவு மடிப்புக்குள்ள தங்கி பெயின்டைத் தூக்கும். குடிக்கிற கேன் தண்ணீர் எடுங்க. தூரிகையும் ஈரமா இருந்தா போதும். தண்ணீர் அதிகமானா புட்டி கரைஞ்சு பள்ளத்தில் சேறா உறையும்.

வெள்ளைப் பூப்பு: சூப்பர் குளூவின் ஆவி காத்தில் இருக்கும் ஈரத்தோட சேர்ந்து பக்கத்தில் படியுறதுதான். கடலோரத்தில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், கேட்கவே வேண்டாம். சொட்டு விடாதீங்க. ஊசி முனையில் தொட்டு, பட்டையின் ரெண்டு நுனியிலும் பக்கிளுக்கு அடியிலும் மட்டும் வைங்க. ஒட்டினதும் டப்பாவுக்குள்ள மூடி வச்சா ஆவி வெளியேறாம இன்னும் பூக்கும், ஃபேன் காத்தில் விடுங்க. பூத்தது பூத்தாச்சுன்னா பழைய பல் பிரஷ்ஷால் தேய்ச்சுட்டு பிரைமர் அடிச்சா மறையும். நீளமான பட்டைக்கு ரெண்டு ட்யூப் எபாக்ஸி பசை நல்லது, நகர்த்தி வைக்க நேரம் கிடைக்கும், பூக்காது.

கீழக்கரை காக்கா:
ஈயம் நம்ம பக்கம் கிடைக்காம போகுமா? வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு வலைக்கடையில் கிடைக்கும். ஒரு சீவல் வெட்டி, ரெண்டு வழவழப்பான இரும்புத் தகட்டுக்கு நடுவில் வச்சு சுத்தியலால் தட்டி, அப்புறம் இரும்பு உருளையால் தேய்ங்க. 0.15 மி.மீ. வந்தா போதும். புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டணும், அழுத்தி அறுத்தா ஓரம் சுருண்டுக்கும். கையுறை போடுங்க, உலர்ந்த ஈயத்தை உப்புத்தாளால் தேய்க்காதீங்க, வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க, பிள்ளைங்க கிட்ட வர வேண்டாம். ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பிரைமர் அடிச்சுடுங்க. மூடின மர அலமாரியில் மரத்திலிருந்து வரும் அமில ஆவி வெறும் ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிடும்.

மாத்திரை அட்டையின் அலுமினியம் விறைப்பு. வளைச்சா திரும்ப நிமிரும். பாக்கெட் மூடிக்கு சரி, பட்டைக்கு வேண்டாம்.

பக்கிளுக்கு கரண்ட் ஒயரின் உள்ளே இருக்கும் 0.2 மி.மீ. செம்பு இழை. உங்க அளவில் அது 3.2 மி.மீ. கம்பிக்குச் சமம், சரியா பொருந்தும். பட்டை அகலத்துக்கு வெட்டின பிளாஸ்டிக் துண்டில் நாலு சுத்து சுத்தி, ஒரு பக்கம் பிளேடால் அறுத்தா நாலு சட்டம் கிடைக்கும். வாய் சேருமிடம் பட்டைக்கு அடியில் போகட்டும். பட்டனுக்கு 18 நம்பர் இன்ஜெக்ஷன் ஊசியின் முனையை மழுங்கத் தேய்ச்சு, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் அழுத்தித் திருகினா 0.8 மி.மீ. வட்டம் விழும். சட்டை பட்டனுக்கு அது சரியான அளவு.

மண்டபம்கரை:
நன்றி காக்கா. பட்டையைத் தனியா பெயின்ட் அடிச்சுட்டு ஒட்டலாமா?

தொண்டி தூரிகை:
தோளில் வளைக்கும்போது பெயின்ட் வெடிக்கும். பிரைமர் மட்டும் அடிச்சு ஒட்டி, வளைவில் பிரைமர் விட்ட இடத்தைத் தொட்டு, பிறகு வண்ணம் போடுங்க. ஹவில்தார் பதவியைக் காட்டும் V வடிவக் கைப்பட்டி மூணும் முனை கீழ் நோக்கித்தான். டிஷ்யூ தாளை தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைச்சு, ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியா வச்சா தையல் மாதிரி உயரம் கிடைக்கும்.