எழுதச் சொன்னா பென்சில் சீவப் போறாங்கள், போனைக் கண்டா ஓடி வாறாங்கள் – வீடியோ செய்ய விட்டு எழுத வைக்கலாமோ?

திருமலை_ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை ரவுணுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில தரம் 4 படிப்பிக்கிறன், 27 பிள்ளையள். வாய் எண்டா அப்பிடி ஒரு வாய், காலமை வந்து இருந்தவுடன தொடங்கினா பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதில இருந்து கோட்டைக்குள்ள திரியிற மான் ரவுணுக்குள்ள வந்து மரக்கறிக்கடையில கீரைக்கட்டை இழுத்துக்கொண்டு ஓடினது வரைக்கும் நடிச்சே காட்டுவாங்கள். சரி, அதை அப்பிடியே எழுதுங்கோ எண்டு கொப்பியை எடுக்கச் சொன்னா ஒருத்தன் பென்சில் சீவப் போவான், ஒருத்திக்குத் தண்ணி விடாய்க்கும், மிச்சப்பேர் என்னையே பாத்துக்கொண்டு இருப்பினம் நான் போட்டில எழுதுவன் எண்டு.

போன கிழமை "எனது பாடசாலை" குடுத்தன். 27 கொப்பியிலயும் ஒரே கட்டுரைதான். "எனது பாடசாலை மிகவும் அழகானது. அங்கு பல மரங்கள் உள்ளன." எங்கட பள்ளிக்கூடத்தில நிக்கிறது ஒரே ஒரு வேப்பமரம் 😑

இப்ப யோசிக்கிறது என்னெண்டா பிள்ளையளை வைச்சு ஒரு பத்து நிமிச "எங்கட ஊர்ச் செய்தி" மாதிரி வீடியோ செய்யலாம் எண்டு. செய்தி, பேட்டி, ஒரு சின்ன நாடகம், ஒரு விளம்பரம், எல்லாத்துக்கும் அவங்களே எழுதோணும். கையில இருக்கிறது என்ட போன் மட்டும்தான். பயம் என்னெண்டா, கெமராவுக்கு முன்னால ஆட்டம் போட்டுட்டு எழுத்து ஒண்டும் நடக்காமப் போயிடுமோ, கெட்டிக்காரப் பிள்ளையள் நாலு பேர் எல்லாத்தையும் செய்ய மற்றவை சும்மா நிக்கிறதாப் போயிடுமோ எண்டு. ஆராவது செய்து பாத்திருந்தா சொல்லுங்கோ.

கிண்ணியா_சேர்:

அஸ்ஸலாமு அலைக்கும் ரீச்சர். நான் செஞ்சிருக்கன், ஆனா வீடியோ இல்ல, ரேடியோ. அதாவது போன்ல குரல மட்டும் றெக்கோட் பண்ணுறது. முதல்ல அதிலயே தொடங்குங்க. கெமரா வந்தா புள்ளைகள் தலைமுடியத்தான் பாக்கும், குரல் மட்டும் என்டா சொல்லத்தான் பாக்கும். வெக்கப்படுற புள்ளையும் பேசும்.

நாங்க எடுத்தது கிண்ணியாப் பாலம். 2009ல தொறந்தது, 396 மீட்டர் நீளம், இப்ப தரம் 4ல இருக்கிற புள்ளைக்கு அது சும்மா ஒரு பாலம்தான், பொறக்கக்குள்ளயே இருந்திச்சு. அதுக்கு முன்னால பாதையிலதான் எல்லாரும் போன வந்த. நான் "பாதை"யப் பத்திப் பெரியாக்கள்ட கேட்டுட்டு வாங்க என்டு சொன்னா ஒரு புள்ள எழும்பி "பாதை என்டா றோட்டுத்தானே சேர், அதப்பத்தி என்னத்தக் கேக்குற?" என்டு கேட்டிச்சு. வகுப்பில பாதிப்பேருக்கு மேல அது ஆக்கள ஏத்திக்கொண்டு தண்ணியில போற மிதவை என்டு தெரியா. அங்கதான் எனக்கு விளங்கிச்சு இதுல எழுதுறதுக்கு விசயம் இருக்கு என்டு, ஏனென்டா புள்ளைக்கே தெரியாத ஒன்ட இன்னொரு ஆளுக்கு விளங்கப்படுத்தணும்.

முதல் நாள் கேள்வி எழுதிட்டு வந்தாங்க. "பாதை எப்படி இருந்தது?" "பாலம் பிடித்திருக்கிறதா?" இப்பிடி. நான் ஒன்டும் திருத்தல்ல, போய்க் கேளுங்க என்டு விட்டுட்டன். றெக்கோட் பண்ணிட்டு வந்தத வகுப்பில போட்டுக் கேட்டா உம்மம்மா சொல்றா "நல்லா இருந்திச்சு மகன்", "ஓம் மகன்". அவ்வளவுதான், முடிஞ்சு. பன்னிரண்டு செக்கன். புள்ளைகளுக்கே சிரிப்பு. அப்ப ஒருத்தி சொன்னா "சேர் கேள்வி பிழை, ஓம் என்டு சொல்லி முடிக்க ஏலாத மாதிரிக் கேக்கணும்" என்டு. அதுக்குப் பொறகு எழுதின கேள்வி: "ராவைக்கு ஆருக்கும் வருத்தம் வந்தா பாதை இல்லாத நேரம் என்ன செஞ்ச?" அந்த உம்மம்மா ஆறு நிமிசம் கதைச்சா, கடைசில அழுதுட்டா. நான் பத்து வருசமாத் திருத்தி எழுதுங்க திருத்தி எழுதுங்க என்டு கத்தினது, அன்டைக்கு நான் ஒரு சொல்லும் சொல்லாம நடந்த.

ஒரு சட்டம் மட்டும் கடுமையா வச்சன்: தாள் இல்லாம மைக் இல்ல. எழுதின தாளக் காட்டினாத்தான் போன் கைக்கு வரும். அது இல்லாட்டி நீங்க பயப்படுறதுதான் நடக்கும்.

இன்னொன்டு, கவனம். எங்கட பக்கம் தண்ணிக் கதை எடுத்தா குறிஞ்சாக்கேணியும் வரும், 2021 நவம்பர்ல பாதை கவுண்டு புள்ளைகளும் மௌத்தானது. ஒரு புள்ள எழுதிட்டு வந்திச்சு. அத நான் றெக்கோட்டுக்கு எடுக்கல்ல, ஆனா எழுதினதுக்கு இருந்து பதில் எழுதிக் குடுத்தன். எல்லாத்தையும் நிகழ்ச்சியாக்கணும் என்டு இல்லதானே.

உப்புவெளி_அப்பா:

மன்னிக்கோணும், நான் கொஞ்சம் எதிராக் கதைக்கப்போறன். என்ட மகளின்ட பள்ளிக்கூடத்திலயும் (பேர் வேண்டாம்) இப்பிடித்தான் போன வருசம் ஒரு குறும்படம் எண்டு ரெண்டு மாசம் ஓடினவை. வசனம் முழுக்க ரீச்சர் எழுதினது, எடிட் பண்ணினது ஆரோ ஒரு ஸ்ருடியோக்காரர், மகளுக்கு ரெண்டு வரி, அதையும் பாடமாக்கித்தான் சொன்னவள். விழாவில போட்டுக் காட்டி எல்லாரும் கைதட்டினம், நானும் தட்டினன். வீட்டை வந்து கொப்பியைப் பாத்தா அந்த ரெண்டு மாசமும் வெறும் பக்கம். அடுத்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கு. ரியூசனுக்கும் காசு கட்டிக்கொண்டு இதுக்கும் உடுப்புத் தைக்கச் சொன்னா எங்களுக்கு எப்பிடி இருக்கும்?

உங்கட எண்ணம் நல்லது ரீச்சர், பிழை சொல்லேல்ல. ஆனா பிள்ளை எழுதினது எங்க எண்டு பெற்றார் கேட்டாக் காட்டுறதுக்குத் தாள் இருக்கோணும்.

திருமலை_ரீச்சர்:

@உப்புவெளி_அப்பா கோவிக்கேல்ல அண்ணா, நீங்கள் சொல்லுறதுதான் என்ட பயமும். உடுப்பு கிடுப்பு ஒண்டும் இல்ல, யூனிபோமோடதான். தாள் எல்லாத்தையும் பைலில போட்டு வைப்பன், வெட்டிக் கொத்தின முதல் தாளையும் சேத்து.

@கிண்ணியா_சேர் அந்த "தாள் இல்லாம மைக் இல்ல" வசனத்தை எடுத்துட்டன், போட்டில எழுதி ஒட்டப்போறன் 🙏

பழைய_மைக்:

நான் வானொலியில பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன், இப்ப நிலாவெளிப் பக்கம் இருக்கிறேன். ஆசிரியர் தொழில் எனக்குத் தெரியாது, ஆனால் காதுக்கு எழுதுவது எப்படி என்று கொஞ்சம் தெரியும்.

எங்கட பிள்ளைகள் எழுதத் தயங்குவதற்கு ஒரு காரணம் சோம்பல் இல்லை, தமிழ். வீட்டில "மான் கீரையை இழுத்துக்கொண்டு ஓடிட்டுது" என்று சொல்லுற பிள்ளை கொப்பியில "மானானது கீரையை இழுத்துச் சென்றது" என்று எழுத வேண்டியிருக்கு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட வேற பாஷை. கதையையும் யோசிச்சு பாஷையையும் மாற்றி எழுத்துப் பிழையும் பார்க்கச் சொன்னால் பிள்ளை பென்சில் சீவத்தான் போகும், நானும் போவேன்.

வானொலியில இதுக்கு ஒரு வழி இருக்கு. செய்தி என்றால் எழுத்துத் தமிழ், நாடகம் என்றால் பேச்சுத் தமிழ். இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில வையுங்கோ. முதலில நாடகத்தை எழுத விடுங்கோ, அப்பம்மா எப்படிக் கதைப்பாவோ அப்படியே, "அட மூதேவி மானே" என்றால் அப்படியே. அது எழுதி முடிச்ச பிறகு அதே சம்பவத்தைச் செய்தியாக எழுதச் சொல்லுங்கோ. கதை ஏற்கெனவே கையில இருக்கு, மாற்ற வேண்டியது பாஷை மட்டும். இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில தலையில ஏத்தாதீங்கோ.

பிறகு, எழுதினதைத் தானே சத்தமாக வாசிக்க வேணும், அதுவும் நின்றுகொண்டு. மூச்சு எங்க முட்டுதோ அங்க வசனம் நீளம். நாங்கள் பெரிய ஆட்களே அப்படித்தான் வெட்டினோம். தாளில ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கோ, வசனத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போகாதீங்கோ, தாள் திருப்புற சத்தம் மைக்கில இடி மாதிரிக் கேட்கும். எழுத்தைப் பெரிதாகத் தெளிவாக எழுதவில்லை என்றால் வாசிக்கிற நண்பன் தடுமாறுவான், அதனால எழுதினவரே வாசிக்காமல் இன்னொரு பிள்ளையை வாசிக்க விட்டுப் பாருங்கோ. "மனம்" என்று எழுத வேண்டிய இடத்தில "மணம்" என்று எழுதினது அப்பதான் பிடிபடும். உங்கட சிவப்புப் பேனையை விட நண்பன் பிழையாக வாசிக்கிறது நல்லாச் சுடும்.

கல்லூரிப்_பிள்ளை:

நான் இப்ப கல்வியியல் கல்லூரில ரெண்டாம் வருசம், அதால கொஞ்சம் புத்தகக் கதை 😅 பிரான்ஸில செலஸ்தீன் ஃபிரெனே எண்டு ஒரு ஆசிரியர், 1920கள்ல ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்ன அச்சு மெசின் வாங்கிக்கொண்டு வந்தவராம். பிள்ளையள் தாங்கள் எழுதினதைத் தாங்களே ஈய எழுத்துப் பொறுக்கி அடுக்கி அச்சடிச்சு வேற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவை, அங்க இருந்தும் இவைக்கு வந்தது. ஒவ்வொரு எழுத்தா கையால அடுக்கேக்க பிழை விட்டா அந்தப் பிழை அச்சில அப்பிடியே வரும், ஆரோ தெரியாத பிள்ளை வாசிக்கும். எங்களுக்கு இப்ப போன் வந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம் எண்டு நினைக்கிறன்.

திருமலை_ரீச்சரும் கிண்ணியா சேரும் மாறி மாறி அனுப்பினா என்ன? தரம் 4 தரம் 4க்கு. பேஸ்புக்கில யூரியூப்பில போடத் தேவையில்ல, பெற்றாரிட்ட கடிதத்தில சம்மதம் வாங்கி ரெண்டு வகுப்புக்குள்ள மட்டும்.

கிண்ணியா_சேர்:

நான் ரெடி. ரீச்சர் சொன்னாச் சரி.

திருமலை_ரீச்சர்:

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தவணைப் பரீட்சை வேலை. செய்தனான்! முழுசா முடியேல்ல ஆனா நடந்ததைச் சொல்லாட்டி நித்திரை வராது.

பழைய மைக் ஐயா சொன்ன மாதிரி நாடகத்தில தொடங்கினம், மான் கதை. ஒரு பிள்ளை மானுக்கும் வசனம் எழுதியிருக்கு: "நான் கோட்டையில புல்லைத் தேடினன், புல்லுக் காஞ்சு போச்சு, உங்கட கீரைதான் பச்சையா இருந்தது." அடுத்த நாள் அதையே செய்தியாக்கச் சொன்னன். "கோட்டையில் புல் காய்ந்ததால் மான்கள் நகருக்குள் வருகின்றன." நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்ல, "ஆல்" எண்டு காரணம் போட்டு எழுதியிருக்கு பாருங்கோ! இவ்வளவு நாளும் இலக்கணப் பயிற்சியில வெறும் இடைவெளி நிரப்பினது.

கெட்டிக்காரப் பிள்ளையள் எல்லாத்தையும் பிடிச்சிடுவினம் எண்டு பயந்தன்தானே, அது முதல் கிழமை நடந்தது. பிறகு கரைவலைச் செய்தி (கரையில நிண்டு இழுக்கிற மீன்வலை) செய்வம் எண்டு சொல்லேக்க எல்லாம் மாறிட்டுது. வகுப்பில ஒரு பெடியன், வருசம் தொடங்கினதில இருந்து மூண்டு வரிக்கு மேல எழுதினதில்ல, தகப்பன் கரைவலை இழுக்கிறவர். ஆருக்கும் தெரியாத சொல்லெல்லாம் அவனுக்குத் தெரியும், மடி எண்டா என்ன, கம்பான் எண்டா என்ன, எந்த மீன் எந்த மாசம். மற்றவை அவனிட்டக் கேட்டுக் கேட்டு எழுதினம். அவன் தான் எழுதினதை ஒன்றரைப் பக்கம் கொண்டு வந்தான், எழுத்துப் பிழை எண்ணேலாது, "கரவல" எண்டுதான் தலைப்பே. நான் திருத்தேல்ல, அவன்ட தோழி வாசிக்கேக்க தடுமாறினாள், அவனே பென்சிலை வாங்கி "ரை"யும் "லை"யும் போட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய ரெண்டு மூண்டு பெற்றாரும் வர கடற்கரைக்குப் போனம். கச்சான் காத்து எண்டா அப்பிடி ஒரு காத்து. எடுத்த எல்லாத்திலயும் "ஊஊஊ" எண்டு மட்டும்தான் கேக்குது, பேட்டி குடுத்தவற்ற வாய் அசையுது. அழாத குறை. அடுத்த கிழமை திரும்பப் போனா (மைக் ஓட்டையைச் சொக்ஸ் துண்டால மூடிக்கொண்டு, சிரிக்காதீங்கோ, வேலை செய்தது) அண்டைக்கு மீன் இல்ல. முதல் கிழமை சூடை மீன் அள்ளுப்பட்டு வந்தது, இந்த முறை ஒரு கூடைதான். பிள்ளையள் கையில இருந்த தாளில "இன்று ஏராளமான மீன் கிடைத்தது" எண்டு இருக்கு. நான் பேசாம வாசியுங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது எண்டு சொல்லிட்டன், வெயில் ஏறுது, எனக்குக் களைப்பு. அந்தப் பெடியன் மாட்டன் எண்டுட்டான். "ரீச்சர் அது பொய்ச் செய்தி, அப்பா பாத்தாச் சிரிப்பார்." அங்கயே மண்ணில இருந்து தாளை முழங்காலில வைச்சு வெட்டித் திருப்பி எழுதினாங்கள், நாலு பேர். எனக்கு வெக்கமாப் போச்சு.

@உப்புவெளி_அப்பா பைலில 27 பேரின்ட தாளும் இருக்கு. சிலது வெறும் ஆறு வரிதான், பொய் சொல்லேல்ல. ரெண்டு பிள்ளையள் இன்னும் எழுதமாட்டினம், படம் கீறித் தருகினம், அதுக்குக் கீழ ஒரு சொல்லு. அதுக்கு இன்னும் வழி தெரியேல்ல.

உப்புவெளி_அப்பா:

சரி ரீச்சர், பாத்தாக் கேக்கமாட்டன் 🙂 அந்த ரெண்டு பிள்ளைக்கும் ஒரு யோசனை, என்ட மகள் சின்னதில எழுதாட்டி நான் அவள் சொல்லச் சொல்ல எழுதிக் குடுத்து பிறகு அவளை வாசிக்க வைப்பன். போனில பேசி றெக்கோட் பண்ணிட்டு, தான் சொன்னதைத் தானே நிப்பாட்டி நிப்பாட்டிக் கேட்டு எழுதினா? சொல்வதெழுதல் மாதிரித்தான், ஆனா சொன்னதும் அதே பிள்ளை.

திருமலை_ரீச்சர்:

அட இது எனக்கு வரேல்ல அண்ணா. நாளைக்கே செய்து பாக்கிறன்.

கிண்ணியா_சேர்:

ரீச்சர் உங்கட மான் நாடகத்தையும் கரைவலை றெக்கோட்டையும் வகுப்பில போட்டன். 31 புள்ளையும் கேட்டாங்க, கேள்வி எழுதித் தரச் சொன்னன், இதுவரைக்கும் 19 வந்திருக்கு. பாதிப்பேருக்கு மீனப்பத்திக் கேள்வி இல்ல, மானுக்குப் பொறகு என்ன நடந்த, கீரைக்காரருக்குக் காசு ஆர் குடுத்த என்டுதான். தாளப் போட்டோ எடுத்து அனுப்புறன், புள்ளைகள எழுத்திலயே பதில் போடச் சொல்லுங்க. குரல் பொறகு.