பழைய ரூகர் பிளாக்ஹாக் வாங்குவது குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். உரிமம் பெற்றுள்ள நான், 1973க்கு முன் தயாரான, பக்கவாட்டில் மூன்று திருகாணிகள் கொண்ட ரூகர் பிளாக்ஹாக் ரிவால்வர் ஒன்றை இலக்குப் பயிற்சிக்காக வாங்க எண்ணியுள்ளேன். சுத்தியலை முழுதாக இழுத்து நிறுத்தும்போது, தோட்டாக்கள் அடங்கும் உருளை உறுதியாகப் பூட்டிக்கொள்கிறது. ஆனால் முன்னும் பின்னுமாகச் சற்றே அசைகிறது. இது இயல்பானதா, தேய்மானமா என்பதை எப்படி அளந்து அறிவது? பிற்கால மாடல்களில் உள்ள பாதுகாப்புப் பட்டை (விசையை இழுத்தால் மட்டுமே சுத்தியலின் அடியை வெடியூசிக்குக் கடத்தும் பாகம்) இதில் இல்லாததால், ஐந்து தோட்டாக்களை மட்டும் நிரப்பி, சுத்தியலை வெற்று அறையின்மேல் நிறுத்த வேண்டும் என்பதை அறிவேன். அந்தப் பட்டையை நிறுவனமே இலவசமாகப் பொருத்திப் பழைய பாகங்களையும் திருப்பித் தருவதால், அதில் எனக்குத் தயக்கமில்லை. மரக் கைப்பிடி மாற்றுவதும் எளிது. சுடும் விசையை இழுக்கத் தேவையான அழுத்தம்தான் கவலை: அதைக் குறைக்க வலுக்குறைந்த சுத்தியல் ஸ்பிரிங்கைப் பொருத்தினால் தோட்டா வெடிக்காமல் போகுமா என்பதை, மாற்றிப் பார்த்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.