சொந்தமாகப் போட்ட முதல் பேஸ் லைன்: உங்கள் அனுபவம் என்ன?

சர்ச் பேஸ், நாகர்கோவில்

கிட்டாரில் நாலு கார்டு பிடிக்கத் தெரியும். டேப் (எந்தக் கம்பியில் எங்கே பிடிப்பது என்று எண்ணால் எழுதிய தாள்) பார்த்து யாரோ வாசித்த பேஸை, அதாவது கீழ் ஸ்தாயியில் ஒலிக்கிற பேஸ் கிட்டாரை, அப்படியே வாசிக்கவும் வரும். ஆனால் கார்டு எழுதிய தாளைக் கொடுத்து “நீயே ஏதாவது போட்டுக்கோ” என்றால் கை நின்றுவிடும். பேஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள். நீங்கள் சொந்தமாகப் போட்ட முதல் லைன் எப்படி அமைந்தது, யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எழுதுங்களேன். நான் தொடங்கிவைக்கிறேன்.

எங்கள் சர்ச்சில் பேஸ் வாசித்த அண்ணன் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். கிட்டாருக்கு ஏற்கெனவே ஆள் கூடுதல். அதனால் பேஸ் என் பக்கம் வந்தது. தாளில் இருந்தது சி, ஜி, ஏ மைனர், எஃப். ஒவ்வொன்றும் நாலு அடி. எந்த ஸ்கேலை எங்கே நுழைப்பது என்று நான் விரலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்ததை டிரம்ஸ் அண்ணன் பார்த்துவிட்டார். “தம்பி, ஸ்கேலை விடு. என் காலைப் பாரு. நான் மிதிக்கும்போது மட்டும் நீ தட்டு” என்றார்.

அவர் கிக்கை (காலால் மிதிக்கிற பெரிய டிரம்) மிதிப்பது நாலு அடியில் 1-லும் 3-லும். ஸ்நேர் (குச்சியால் அடிக்கிற சின்ன டிரம்) விழுவது 2-லும் 4-லும். நான் ரூட் நோட் (கார்டுக்குப் பெயர் தருகிற அடிப்படை நோட்) மட்டும் எடுத்துக்கொண்டேன். சி என்றால் ஏ கம்பியில் 3-ஆம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கட்டை), ஜி என்றால் ஈ கம்பியில் அதே 3, ஏ மைனருக்கு ஏ கம்பியைச் சும்மா திறந்து தட்டினால் போதும், எஃப் ஈ கம்பியில் முதல் ஃப்ரெட். கை நகர வேண்டிய தூரம் மூன்று ஃப்ரெட்தான். பார்வை முழுக்க அவர் வலது காலில்.

இரண்டு சுற்று போனதும் அடுத்தது சொன்னார். “ஸ்நேர் அடிக்கும்போது உன் நோட் கேட்கக் கூடாது.” இதுதான் பெரிய பாடம். அதுவரை நோட்டை எப்போது தட்டுவது என்று மட்டும்தான் யோசித்திருந்தேன், எப்போது நிறுத்துவது என்று யோசித்ததே இல்லை. இடது கை விரலை ஃப்ரெட்டிலிருந்து தளர்த்த வேண்டும், ஆனால் கம்பியை விட்டு எடுத்துவிடக் கூடாது. முழுசாக எடுத்தால் திறந்த கம்பி ‘ஙொய்ங்’ என்று ஒலிக்கும். விரல் கம்பிமேல் சும்மா படிந்திருந்தால் சத்தம் அப்படியே அறுந்துவிடும். ஏற்கெனவே திறந்து தட்டிய ஏ கம்பியை அடக்குவதற்கு மற்ற விரல்களைப் படுக்கப்போட வேண்டும், அது மட்டும் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

அதே நாலு நோட்டுதான். ஆனால் ஸ்நேருக்கு இடம் விட்டதும் பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் அவர் ஒரு சுற்றில் 3-க்குச் சற்று முன்னால் ஒரு மிதி கூடுதலாகப் போட்டார், நானும் அதோடு ஒரு நோட்டைச் சேர்த்தேன். “இப்போ இது உன் லைன்” என்றார். இன்றைக்கும் புதுப் பாட்டு வந்தால் முதலில் கிக்கைத்தான் கேட்கிறேன்.

மெல்லிசைக் குழு, மதுரை

தம்பி சொன்னது முழுக்க உண்மை. ஆனால் நம்ம ஊர்க் கச்சேரியில் பாதிப் பாட்டு நாலில் ஓடாது, 6/8-இல் ஓடும். திருவிழாவில் கேட்கிற குத்துப் பாட்டெல்லாம் அதுதான். அங்கே 1, 3 என்று எண்ணிக்கொண்டிருந்தால் குழம்பிவிடும்.

எங்கள் குழுவில் பேஸுக்கு ஒரு காலேஜ் பையன் வந்தான். அவனுக்குத் தபேலாக்காரர் சொல்லிக்கொடுத்த வழி இது. வாயில் ‘தகிட தகிட’ சொல்லு. முதல் ‘த’வில் ச. இரண்டாவது ‘த’வில் ப. முடிந்தது, வேறொன்றும் வேண்டாம். அதாவது கார்டின் ரூட்டும் அதன் ஐந்தாவது நோட்டும். பையன் கொஞ்ச நேரம் அதையே வாசித்தான். பாட்டு நகர ஆரம்பித்துவிட்டது. அப்புறம் கடைசி ‘ட’வில் இன்னொரு ச சேர்க்கச் சொன்னார், அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடுகிற மாதிரி. மேடையில் அவன் அன்றைக்குப் பாதிப் பாட்டை அந்த மூன்று நோட்டில்தான் ஓட்டினான். ஒருத்தரும் குறை சொல்லவில்லை, முன்வரிசை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ப எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. ரூட்டிலிருந்து அடுத்த மெல்லிய கம்பிக்குப் போய் இரண்டு ஃப்ரெட் மேலே. இன்னும் சுலபமாக வேண்டுமென்றால் அதே ஃப்ரெட்டில் தடித்த கம்பி, அது கீழ் ஸ்தாயி ப. சி-க்கு ஏ கம்பியில் 3 என்றால் ஈ கம்பியில் 3 அதன் ப. விரலைக் குறுக்கே சாய்த்தாலே போதும். மேஜர் கார்டா மைனர் கார்டா என்ற கவலையும் இல்லை, இரண்டுக்கும் ப ஒன்றுதான். காந்தாரத்தை, அதாவது கார்டின் மூன்றாவது நோட்டை, தொட்டால்தான் மேஜர், மைனர் வம்பு வரும். புதுசாக வருகிறவன் க பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று. வருகிற பையன்கள் எல்லோரும் முதல் நாளே இளையராஜா பேஸை வாசிக்கிறேன் என்று நிற்கிறார்கள். அதில் பல பாட்டில் பேஸ் கீழே ஓடுகிற இன்னொரு மெட்டு மாதிரி இருக்கும். அவருக்குப் பேஸ் வாசித்த சசிதரனைக் கேட்டு ரசிக்கலாம், கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் சொந்தமாக லைன் போடப் பழக அது வாசல் கிடையாது.

வீணை மாணவி, மயிலாப்பூர்

மதுரை அண்ணா ச-ப என்று சொன்னதும் சிரித்துவிட்டேன். தம்புராவில் நான்கு தந்தியும் ப, ச, ச, கீழ் ச என்றுதானே சுருதி சேர்க்கிறோம். பேஸ் கையில் வந்தபோது எனக்கும் முதலில் கேட்டது அதுதான்.

நான் லைன் போடுகிற வழி வேறு. கையை வைக்கும் முன்னால் பாடிப் பார்ப்பேன். பாட்டை ஓடவிட்டு, பேஸ் எப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்று ‘தும் தும்’ என்று முனகி போனில் பதிந்துகொள்வேன். பிறகு அதைக் கேட்டு நோட்டைக் கண்டுபிடிப்பேன். விரலிலிருந்து தொடங்கினால் விரலுக்குப் பழகிய வடிவமே திரும்பத் திரும்ப வரும், இடைவெளியே இருக்காது. வாயால் பாடினால் மூச்சு விட வேண்டுமே, அங்கே தானாக ஒரு நிறுத்தம் விழுந்துவிடும். நாகர்கோவில்காரர் ஸ்நேருக்காக விட்ட இடம் எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

அடுத்து ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்குப் போகிற இடம். போய்ச் சேர வேண்டிய நோட்டுக்கு ஒரு ஃப்ரெட் கீழே உள்ளதை, கடைசி அடியில் தொட்டுவிட்டு ஏறினால் அழகாக இருக்கும். எஃப்-இலிருந்து சி-க்குத் திரும்பும்போது ஏ கம்பியில் 2-ஐத் தட்டிவிட்டு 3-க்குப் போங்கள், வீடு வந்து சேர்ந்த மாதிரி கேட்கும். ஆனால் எல்லாப் பாட்டிலும் இதைச் செய்யாதீர்கள். மோகனத்தில் ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ச ரி க ப த, அவ்வளவுதான். அதில் ஒரு நிஷாதத்தையோ மத்தியமத்தையோ வழியில் தொட்டால், பாடுகிறவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். எனக்குப் பக்கத்தில் வாசித்த கீபோர்டுக்காரருக்கு அந்தப் பார்வை கிடைத்ததை நேரில் கண்டிருக்கிறேன். ராகத்தில் நிற்கிற பாட்டுக்கு ச, ப, வேண்டுமானால் ஒரு த. போதும்.

காலேஜ் பேண்ட், கோவை

கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை உயர்த்துகிற கிளிப்) பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் கிட்டாரிஸ்ட் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிவிட்டு “ஜி மச்சான்” என்பான். அவன் பிடிப்பது ஜி வடிவம்தான், ஆனால் வெளியே கேட்பது ஏ. அவன் சொன்னதை நம்பி எங்கள் பேஸ் ஆள் ஜி தட்டினால் அரங்கமே திரும்பும். இப்போது பேஸ் ஆள் கார்டு பெயரே கேட்பதில்லை. கேப்போ எத்தனையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு, அத்தனை ஃப்ரெட் தள்ளிக்கொள்கிறான். கேப்போ 2, வடிவம் சி என்றால் பேஸுக்கு டி. சில நேரம் அதுவும் கேட்க மாட்டான், ஈ கம்பியில் மெதுவாக ஒவ்வொன்றாகத் தட்டி, எது ஒட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொள்வான்.

அப்புறம் விரல் விஷயம். ஆட்காட்டி, நடுவிரல் மாற்றி மாற்றித்தான் தட்ட வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். பழகுங்கள், நல்லதுதான். ஆனால் அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற இசைக் கம்பெனியின் பாட்டுகளுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தவர். இரண்டு விரலும் சீராக வரும்வரை காத்திருந்து லைன் போடாமல் இருக்க வேண்டியதில்லை.

புதுசு, திருச்சி

எல்லோருக்கும் நன்றி. ச-ப இன்றைக்கே முயன்று பார்த்தேன், தகிட சொல்லிக்கொண்டே. வருகிறது! இரண்டு சந்தேகம். பாட்டில் பேஸ் என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்க உட்கார்ந்தால் எனக்கு ஒன்றுமே கேட்பதில்லை, காதில் கோளாறா? இன்னொன்று, முதலிலேயே ஐந்து கம்பி பேஸ் வாங்கிவிடலாமா?

சர்ச் பேஸ், நாகர்கோவில்

போன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பீர்கள். ஈ கம்பியைத் திறந்து தட்டினால் அதிர்வு வினாடிக்கு 41 தடவைதான். அவ்வளவு கீழே போன் ஸ்பீக்கரால் இறங்கவே முடியாது. காதில் பொருந்துகிற நல்ல இயர்போன் போட்டுக் கேளுங்கள். அப்போதும் பிடிபடவில்லை என்றால் முழுப் பாட்டையும் விரட்டாதீர்கள், பல்லவி முதல் வரியில் கார்டு மாறுகிற இடத்தில் பேஸ் எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். ரஹ்மான் பாட்டில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேட்டால் எவ்வளவு இடம் விடுகிறார் என்று தெரியும். ஐந்து கம்பிக்கு மதுரை அண்ணன் பதில் சொல்லட்டும்.

மெல்லிசைக் குழு, மதுரை

வேண்டாம் தம்பி. ஐந்தாவது கம்பி ஈ-க்கும் கீழே பி. கழுத்தும் அகலம், அடக்க வேண்டிய கம்பியும் ஒன்று கூடுதல். சும்மா இருக்கிற கம்பி உறுமாமல் பார்த்துக்கொள்வதே உனக்கு வேலையாகிவிடும். நாலு கம்பி பழசு ஒன்று கிடைத்தால் எடு. வாங்கும்முன் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி ரொம்ப உயரமாக நின்றால் பேரம் பேசு. மிச்சக் காசில் ஒரு சின்ன ஆம்ப் வாங்கிக்கொள், பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால்.