தோட்டம், வேலை, பாளையங்கோட்டை: மூன்றுக்கும் ஒரே வண்டி போதுமா? குலசேகரத்திலிருந்து ஒரு சந்தேகம்

குலசேகரம் விளைக்காரன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். வண்டி எடுக்கப் பணம் சேர்த்து வைத்துவிட்டேன். எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

வீடு குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் நடுவில். வேலை நாகர்கோவிலில். வேர்கிளம்பி, அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி வழியாகப் போய் வந்தால் ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இதுவரை பஸ்ஸில் போனேன். இனி ஷிப்ட் மாறுகிறது, ராத்திரி திரும்பும்போது பஸ் கிடைக்காது.

அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. காலையில் பால் எடுத்ததும் கேனை விளைக்குள்ளிருந்து ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று வீட்டில் நிற்கிறது. மனைவிக்குப் பிறந்த வீடு பாளையங்கோட்டை. மாதத்துக்கு ஒருமுறையாவது ஆரல்வாய்மொழி வழியாக இரண்டு பேரும் போவோம்.

என் உயரம் 5 அடி 3 அங்குலம். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. எக்ஸ்எல்லையும் கொடுத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் சேரும். எங்கள் ரோடும் மழையும் தெரிந்ததுதானே, அதனால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மேல் ஒரு கண். இல்லையென்றால் என்ஃபீல்டு ஹண்டர் 350. அப்பா 125 போதும் என்கிறார். பாறசாலையில் கேரளப் பதிவில் பழைய ஹிமாலயன் 411 ஒன்று குறைந்த விலைக்கு வந்திருப்பதாகக் கூட்டுக்காரன் சொல்கிறான். எல்லாவற்றுக்கும் ஒரே வண்டியாக எதை எடுக்கலாம்?

மார்த்தாண்டம் பட்டறை:
தம்பி, முதலில் அந்த எக்ஸ்எல்லை விற்காதே. இந்த விஷயம் முடிவாகிவிட்டாலே உன் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

எக்ஸ்எல்லில் ஓட்டுகிறவர் காலுக்கு முன்னால் வெறும் இடம் இருக்கிறது. கேனை அங்கே வைத்தால் பாரம் தாழ்வாக, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விழும். அதே கேனை மோட்டார் சைக்கிளில் பின்சீட்டிலோ பக்கவாட்டிலோதான் கட்ட முடியும். பாரம் பின் அச்சுக்கு மேலேயோ அதைத் தாண்டியோ போனால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஈரச் செம்மண் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசானால் ஹேண்டில் நம் சொல் கேட்காது. கேனுக்குள் பால் அலைகிறது, அது வேறு. எக்ஸ்எல்லில் கியர் இல்லை, கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. வயதான அப்பா ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் பார்த்தால் போதும். அதை விற்று வருகிற பணம் சொற்பம். அதற்குப் பிறகு கேன் சுமக்க வழி தேடி அலைய வேண்டும்.

சரி, தோட்டம் கணக்கிலிருந்து போய்விட்டது. மிச்சம் வேலையும் பாளையங்கோட்டையும். மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் 1,500 கிலோமீட்டரைத் தாண்டும். பாளையங்கோட்டை போய் வந்தால் ஏறக்குறைய 200. இந்த 1,500-க்குத்தான் வண்டி பார்க்க வேண்டும். 200-க்கு அந்த வண்டி தாக்குப்பிடிக்குமா என்று மட்டும் பார்த்தால் போதும். இங்கே வருகிற முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எப்போதோ போகிற மலைப்பயணத்தை மனதில் வைத்து வண்டி எடுத்துவிட்டு, தினமும் மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் அதைத் தள்ளாடி ஓட்டுகிறார்கள்.

பெட்ரோலையும் போட்டுப் பார். லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டி என்றால் 1,500-க்கு 30 லிட்டர். 32 கொடுக்கிற 350 சிசி என்றால் கிட்டத்தட்ட 47 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது மாதம் 1,700 ரூபாய் கூடுதல். டயர், செயின், பிரேக் பேட் விலையும் அதே கணக்கில் ஏறும்.

தக்கலை ஹிமாலயன்:
நான் 411 வைத்திருக்கிறேன், எனக்கு அது உயிர். குழியில் அடி தெரியாது, நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்காது. ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். வண்டி எடை 199 கிலோ. சீட் உயரம் 800 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். விளை வீட்டு முற்றத்தில் சரிவில் நிறுத்தி, பின்னால் தள்ளி எடுக்கும்போதுதான் 199 கிலோ என்றால் என்னவென்று தெரியும்.

எக்ஸ்பல்ஸ் 200 4வி எடை குறைவு, ஆனால் சீட் 825 மில்லிமீட்டர். முன்சக்கரம் 21 அங்குலம். கல்லும் கட்டியும் கிடக்கிற வழிக்கு அருமையான வண்டி. வேர்கிளம்பி ரோட்டில் என்ன குழி இருந்தாலும் அது தார் ரோடுதானே. ஸ்போக் சக்கரத்தில் ட்யூப் போட்ட டயர் என்பதையும் மறக்காதீர்கள். ராத்திரி 11 மணிக்கு ஆணி ஏறினால் அப்படியே உட்கார்ந்துவிடும். அலாய் சக்கரத்தில் ட்யூப்லெஸ் என்றால் காற்று மெதுவாக இறங்கும், வீடு வந்து சேரலாம்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் 40 சதவீதம். ஹண்டர் 349 சிசி என்பதால் குறைந்த வரியில் வந்துவிட்டது, அந்த ஆசை நியாயம்தான். ஆனால் ஷோரூம் விலையை மட்டும் பார்க்காமல் ஆயுள் வரி, பதிவுச் செலவு, புது வண்டிக்குச் சேர்த்தே எடுக்க வேண்டிய 5 வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டி ரோட்டுக்கு வரும் விலையைக் கேளுங்கள். ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

முட்டம் கரை:
உங்களுக்கு மலை, எனக்குக் கடல். இருந்தாலும் இதைச் சொல்லி வைக்கிறேன், கரைப்பக்கத்து ஆட்கள் யாராவது படித்தால் உதவும். எங்கள் ஊரில் வண்டியை சிசி பார்த்து எடுப்பதைவிடத் துரு பார்த்து எடுப்பது நல்லது. உப்புக்காற்றில் முதலில் போவது ஸ்போக் கம்பியும் அது ரிம்மில் சேருகிற நிப்பிளும். அடுத்தது சைலன்ஸரின் அடிப்பகுதி, சென்டர் ஸ்டாண்டு ஸ்ப்ரிங். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி படியும். அதைச் சுரண்டித் துடைத்து வாசலின் தடவாவிட்டால் ஒரு நாள் காலையில் செல்ஃப் எடுக்காது. குரோம் குறைந்த, அலாய் சக்கர வண்டி எங்களுக்கு நல்லது. முழுக்க மூடிய செயின் கவர் இருந்தால் இன்னும் நல்லது. தினமும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் நிறைய நாள் உழைக்கும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது எந்த ஊரில் ஓடியது என்று கட்டாயம் கேளுங்கள். பெயிண்ட் அடித்து மறைத்திருந்தாலும் சீட்டைக் கழற்றினால் வண்டியின் ஃப்ரேமில் துரு தெரிந்துவிடும்.

தோவாளை அக்கா:
நான் தினமும் தோவாளையிலிருந்து வள்ளியூருக்கு வேலைக்குப் போகிறவள். ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும் என் வழி. காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா? ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கணவாய் வழியாக வருகிற காற்று வண்டியைப் பக்கவாட்டில் ஓர் ஆள் அளவுக்குத் தள்ளும்.

காற்று ஒரே மாதிரி அடித்தால் பயமில்லை, உடம்பைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு போகலாம். லாரியைத் தாண்டும்போதுதான் ஆபத்து. லாரிக்குப் பக்கத்தில் இருக்கும்வரை அது காற்றை மறைத்துவிடும், நாமும் நிமிர்ந்துவிடுவோம். அதன் முகப்பைத் தாண்டிய நொடியில் மொத்தக் காற்றும் ஒரே அடியாக அடிக்கும். அந்த மாதங்களில் நான் அங்கே லாரியைத் தாண்டுவதே இல்லை, 45, 50-இல் பின்னாலேயே போய்விடுவேன். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் கை ஆடுகிற ஆட்டம் முன்சக்கரத்துக்குப் போகும். பிடி தளர்வாக இருக்கட்டும், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி கனமாக இருந்தால் காற்றுக்கு நிற்கும் என்பது ஓரளவு உண்மை. 112 கிலோ ஸ்ப்ளெண்டருக்கும் 140 கிலோ வண்டிக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. அதற்காக 350 தேவையில்லை. பின்னால் பெரிய பெட்டி மாட்டாமல் இருந்தாலே பாதி தொல்லை குறையும். பெட்டி காற்றைப் பிடித்து வாலைத் திருப்பும்.

ஒன்று கேட்கிறேன் தம்பி. மனைவியை உட்கார வைத்துப் பார்த்தீர்களா? ஹண்டர் பின்சீட்டில் அவர்களால் அவ்வளவு தூரம் உட்கார முடியுமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

குலசேகரம் விளைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. எக்ஸ்எல்லை விற்கவில்லை, அப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எக்ஸ்பல்ஸையும் விட்டுவிட்டேன், ஷோரூமில் ஏறிப் பார்த்தால் கால் விரல் நுனிதான் தரையில் பட்டது. இப்போது இரண்டே கேள்வி. ஒன்று, பாறசாலை வண்டி. பேசுகிற விலை இன்னும் இறங்குகிறது, அதனால் மனம் கேட்கவில்லை. இரண்டு, ஹண்டர் கையிலிருக்கிற பணத்தைத் தாண்டுவதால், ஹோண்டாவில் ஷைன் 125-ஆ, யூனிகார்ன் 160-ஆ?

களியக்காவிளை கணக்கு:
முதல் கேள்விக்கு மட்டும் நான். எல்லையில் இருப்பதால் கேரள வண்டி நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, விலையும் குறைவாகத் தெரிகிறது. ஆனால் இதைச் சேர்த்துக் கூட்டுங்கள். விற்கிறவர் தன் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் அதற்கு முன்பே வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் கொடுத்து நீக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30. அதன்பின் இங்கே தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டிப் புதிய எண் வாங்க வேண்டும். உங்கள் பக்கம் என்றால் டிஎன் 75. வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை.

விற்கிறவர் வெறும் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கொடுத்து, மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் பணத்தை எடுக்காதீர்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் மாட்டினால் இரண்டு பேருக்கும் தலைவலி. வண்டி எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டால் இன்சூரன்ஸ், கடன், நிலுவை அபராதம் எல்லாம் தெரியும், அதை முதலில் செய்யுங்கள்.

மார்த்தாண்டம் பட்டறை:
இரண்டாவது கேள்வி. எண்ணில் பார்த்தால் முறுக்குவிசை (டார்க்) ஸ்ப்ளெண்டருக்கு 8 நியூட்டன் மீட்டர், ஷைன் 125-க்கு 11, யூனிகார்னுக்கு 14-ஐ ஒட்டி வரும். நீ தனியாக ஓட்டுகிற நாளில் 11 தாராளம். மைலேஜும் ஷைன் கொஞ்சம் கூடவே கொடுக்கும். அப்பா சொன்னதில் தப்பே இல்லை.

நான் யூனிகார்ன் பக்கம் சாய்வதற்குக் காரணம் பிரேக். 125 சிசிக்கு மேல், சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் கட்டாயம். 125 வரை இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கிற சிபிஎஸ் மட்டும் வைத்து வருகிற வண்டிகள் உண்டு. நீ வரப்போவது ராத்திரி, தேசிய நெடுஞ்சாலை 66-இல். நமக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வில்லுக்குறி பக்கம் ஈர ரோட்டில் குறுக்கே ஒரு நாய் ஓடினால் கை தானாக முன்பிரேக்கை நெரிக்கும். அப்போது சக்கரம் பூட்டாமல் உருண்டுகொண்டே வேகம் குறைய வேண்டும். 125-தான் வேண்டும் என்று தோன்றினால் எக்ஸ்ட்ரீம் 125ஆர் மாதிரி ஏபிஎஸ் வைத்து வருகிற 125-ஐப் பார்.

எதை எடுத்தாலும் ஷோரூம் முன்னால் சமதளத்தில் ஒரு வட்டம் அடித்துவிட்டு வராதே. மனைவியைப் பின்னால் வைத்து ஓர் ஏற்றத்துக்குப் போ. நடு ஏற்றத்தில் நிறுத்து. வலது கால் பிரேக்கில் இருக்கும், இடது கால் மட்டும்தான் தரையில். ரோட்டோரம் இடப்பக்கம் சரிந்திருக்கும், அந்த ஒரு அங்குலப் பள்ளத்தில் உன் பாதம் முழுதாகப் பதிகிறதா என்று பார். பதிந்தால் அது உன் வண்டி. பின்பக்க ஷாக் அப்ஸார்பரில் படிப்படியாக இறுக்குகிற வசதி இருந்தால், இரண்டு பேர் போகிற நாளில் ஒரு படி ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேள். முகப்பு விளக்கை இருட்டின பிறகு ஒருமுறை போட்டுப் பார், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வருகிற ரோட்டில் அது மட்டும்தான் துணை.

குலசேகரம் விளைக்காரன்:
இரண்டையும் ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டோம். இரண்டிலும் என் பாதம் பதிகிறது. ஷைனில் இரண்டாம் கியரில் கொஞ்சம் திணறி ஏறியது, யூனிகார்ன் அலட்டிக்கொள்ளவில்லை. பின்னால் உட்கார்ந்தவரும் யூனிகார்ன்தான் என்கிறார், சீட் அகலமாக இருக்கிறதாம். பாறசாலை வண்டிக்காரர் தடையில்லாச் சான்று பற்றிக் கேட்டதும் போன் எடுப்பதில்லை. அதனால் யூனிகார்னுக்கு முன்பணம் கட்டியாயிற்று.

கடைசியாக ஒன்று. பின்சக்கரத்துப் பக்கத்தில் வருகிற சாரி கார்டைக் கழற்றிவிட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். கழற்றலாமா?

தோவாளை அக்கா:
கழற்றவே கூடாது. சேலையோ துப்பட்டாவோ காற்றில் பறந்து பின்சக்கரத்தில் சுற்றினால் உட்கார்ந்திருப்பவரைக் கீழே இழுத்துப் போட்டுவிடும். ஆரல்வாய்மொழிக் காற்றில் துணி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்சக்கரத்தில் பாதியளவாவது மூடியிருக்க வேண்டும், பிடிமானமும் கால்மிதியும் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 123-லேயே இருக்கிறது. டெலிவரி எடுக்கும்போது மூன்றும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அவர்களுக்கும் அளவான ஒரு ஹெல்மெட் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், தாடை வாரை மாட்டிப் பார்த்து.